ஃபைலைப் பிரித்துப் படிப்பது

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரத்து அண்ணா மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, எங்கே போனாலும் வெளிநோயாளர் பகுதியில் காத்திருப்பவர்கள் கையில் ஒரு ஃபைல் இருக்கும். ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், பயாப்ஸி அறிக்கை, ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதம், காப்பீட்டுக்காக வாங்கிய வருமானச் சான்றிதழின் நகல் எல்லாம் அதில் அடுக்கியிருக்கும். பெரும்பாலும் அந்த ஃபைலை வைத்திருப்பது மகனோ மருமகனோ அண்ணனோதான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது வைத்திருப்பவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நோயாளிக்கு அதைப் பிரித்துக்கூடக் காட்டியிருக்க மாட்டார்கள்.

புற்றுநோய்க்கு அறுவை, கதிர்வீச்சு, மருந்து என்று மூன்று வழிகளைச் சொல்வது வழக்கம். நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்வதையும் இவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விளக்கம் கிடைக்காதவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். இரண்டு கீமோ முடிந்ததும் கட்டி சுருங்கிவிடும். ‘சரியாப் போச்சு’ என்று ஊருக்குப் போய்விடுவார் ஒருவர். இன்னொருவருக்கு முடி கொட்டும், வாந்தி வரும், உடம்பு இளைக்கும். மருந்துதான் ஆளை உருக்குகிறது என்று வீட்டில் முடிவெடுத்து, யாரோ சொன்ன மூலிகைக்காரரிடம் கூட்டிக்கொண்டு போவார்கள். திட்டமிட்ட எல்லா முறையும் கொடுத்தால்தான் சிகிச்சை முழுமையாகும் என்பதையும், கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் செல்கள் மிச்சமிருக்கலாம் என்பதையும் இவர்களிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் பாதிப் பேராவது திரும்பி வந்திருப்பார்கள்.

முத்துலட்சுமி ரெட்டி 1920களில் தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு ஒரு சிறிய மருத்துவமனையானது. சாகப்போகிறவர்களுக்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று அதிகாரத்தில் இருந்தவர்களே நினைத்த காலம் அது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்த எண்ணத்தை எதிர்த்தே வேலை செய்தார்கள். சாந்தா 2021 ஜனவரியில் மறையும்வரை மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்தார். புற்றுநோயைப் பற்றிய பயத்தையும் நம்பிக்கையின்மையையும் போக்க வேண்டும் என்பதை வாழ்நாள் முழுதும் வற்புறுத்தி வந்தார். இன்று அங்கே நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது.

நோயாளிக்கு விளக்கம் சொல்வதையே தனிப் பணியாக எடுத்துச் செய்தவர்களில் லண்டனைச் சேர்ந்த டாக்டர் விக்கி கிளெமென்ட் ஜோன்ஸை அவசியம் சொல்ல வேண்டும். 1982இல் அவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவம் படித்த தனக்கே தன் நோயைப் பற்றி விளங்கும்படியான தகவல் கிடைக்கவில்லை என்றால் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தார். 1985இல் பேகப் என்ற அமைப்பைத் தொடங்கினார். தொலைபேசியில் கேட்பவர்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு வகைப் புற்றுநோய்க்கும் எளிய நடையில் சிறு புத்தகம் வந்தது. 1987இல் அவர் இறந்தார், அமைப்பு நிலைத்தது. அந்தப் புத்தகங்களை அனுமதி பெற்று இந்திய மொழிகளில் கொண்டுவரும் வேலையை மும்பையில் ஜாஸ்காப் என்ற அமைப்பு 1990களில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் புற்றுநோயில் மகனை இழந்த தாயும் தகப்பனும்.

புத்தகம், கையேடு, காணொளி எல்லாமே தேவைதான். ஆனால் நம் வீடுகளில் இவை நுழையும் முன்பே வாசலை அடைத்துக்கொண்டு ஒரு தடை நிற்கிறது. “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்.” இந்த வேண்டுகோளைக் கேட்காத புற்றுநோய் மருத்துவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. சொல்கிறவர் பாசத்தால் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. அப்பாவுக்கோ ஏற்கெனவே பாதி தெரிந்திருக்கும். மருத்துவமனை வாசலில் பெரிய எழுத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. பக்கத்துப் படுக்கைக்காரர் பேசுகிறார். மனைவி சமையலறையில் அழுவது காதில் விழுகிறது. பிள்ளைகள் கலங்கக் கூடாது என்று அவர் கேட்பதில்லை, அவருக்குத் தெரியக் கூடாது என்று பிள்ளைகள் சொல்வதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பயப்படுகிறார்கள். நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும், பேத்தியின் கல்யாணத்தைத் தள்ளிப்போடலாமா, தங்கையோடு இருக்கும் பழைய மனத்தாங்கலைத் தீர்த்துக்கொள்ளலாமா என்று அவர் எடுக்க வேண்டிய முடிவுகள் அவர் கைக்கு வராமலே போய்விடுகின்றன.

மறைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. வயிற்றுப்புண் என்று சொல்லப்பட்டவர் வயிற்றுப்புண்ணுக்கு இவ்வளவு வாந்தியை ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? மூன்றாவது கீமோவுக்கு வரமாட்டேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. அனுபவமுள்ள மருத்துவர்கள் முதலில் கேள்வி கேட்கிறார்கள். “உங்களுக்கு என்னன்னு இதுவரைக்கும் சொல்லியிருக்காங்க?” “நீங்க என்ன நினைக்கிறீங்க?” அடுத்து, “ரிசல்ட் வந்திருக்கு, முழுசா தெரிஞ்சுக்கணுமா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா சொல்லட்டுமா?” என்று கேட்கிறார்கள். சிலர், “பையன்கிட்ட சொல்லுங்க, அவன் பாத்துப்பான்” என்பார்கள். அது அவர் தானாக எடுத்த முடிவு, மதிக்க வேண்டியது. அவரைக் கேட்காமலே மகன் எடுத்த முடிவு வேறு வகை. பெண் நோயாளிகள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மார்பகத்தை எடுப்பதா, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதா என்ற பேச்சு கணவரோடும் மாமனாரோடும் நடக்கும். உடம்புக்கு உரியவள் வராந்தாவில் காத்திருப்பாள்.

ஃபைலுக்கு வருவோம். அதில் முதலில் பார்க்க வேண்டியது பயாப்ஸி அறிக்கை. ஊசி குத்தினால், கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டு மாதங்களை இழந்தவர்கள் ஏராளம். திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்காமல் என்ன வகைப் புற்று என்று தெரியாது. வகை தெரியாமல் மருந்து தீர்மானிக்க முடியாது. அனுபவமுள்ளவர்கள் முறைப்படி எடுக்கும் பயாப்ஸியால் நோய் பரவும் அபாயம் மிக அரிது. அறிக்கையில் கிரேடு என்றும் ஸ்டேஜ் என்றும் இரண்டு சொற்கள் வரும். பலரும் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு, கிரேடு மூன்று என்று படித்ததும் மூன்றாம் ஸ்டேஜ் என்று நிலைகுலைந்து போகிறார்கள். தீ எத்தனை வீடுவரை போயிருக்கிறது என்பது ஸ்டேஜ், எவ்வளவு வேகமாக எரியக்கூடியது என்பது கிரேடு. கிரேடு மூன்றாக இருந்தும் முதல் ஸ்டேஜிலேயே பிடிபட்டு முழுதாகக் குணமாகும் நோய்கள் உண்டு.

மார்பகப் புற்றுநோய் அறிக்கையில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று மூன்று குறிப்புகள் இருக்கும். படிக்கப் புரியாத எழுத்துகளாகத் தோன்றினாலும் அடுத்த பல ஆண்டுகளின் அன்றாடத்தையே அவை தீர்மானிக்கின்றன. ஈ.ஆர். பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளரும் புற்று என்றால், அறுவையும் கீமோவும் முடிந்த பிறகும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை ஐந்து ஆண்டுகள், சிலர் பத்து ஆண்டுகள்வரை, தினமும் போட வேண்டும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டாம் வருடம் நிறுத்திவிடுகிறவர்கள், அந்த இரண்டு எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று சொல்லப்படாதவர்கள்.

இந்த ஃபைலோடு மருத்துவர் முன்னால் உட்காரும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். “இந்த சிகிச்சை குணப்படுத்துறதுக்கா, கட்டுப்படுத்தி வைக்கிறதுக்கா?” குணப்படுத்தும் நோக்கம் என்றால் கஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு, தேதி தவறாமல் முடிக்க வேண்டும். கட்டுப்படுத்தும் நோக்கம் என்றால், ஒவ்வொரு கட்டத்திலும் கிடைக்கும் பலனையும் படும் சிரமத்தையும் செலவையும் எடைபோட்டுப் பார்க்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்கிறது. வீட்டை விற்பதா வேண்டாமா என்ற முடிவு இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பயம். கேள்விகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துபோவது எல்லோருக்கும் நடப்பது. இரண்டாவது கருத்து கேட்க வேறு மருத்துவமனைக்குப் போவதும் தவறில்லை. அப்போது பயாப்ஸி அறிக்கையோடு, அந்தத் திசுவைப் பதப்படுத்தி வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் பரிசோதனைக் கூடத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். மறுபடி ஊசி குத்த வேண்டிய தேவை பெரும்பாலும் வராது.

சிகிச்சை தொடங்கும் முன்பே சொல்லப்பட வேண்டியவை சில உண்டு, பிறகு சொல்லிப் பயனில்லை. சில வகைக் கீமோ பிள்ளை பெறும் திறனைப் பாதிக்கும். கல்யாணமாகாத 24 வயதுப் பையனிடம் விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்று முதல் ஊசிக்கு முன்னால் சொல்ல வேண்டும். கூச்சத்தால் டாக்டரும் பேசுவதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. வாய், தொண்டைப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெறப்போகிறவர் அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்து, எடுக்க வேண்டிய சொத்தைப் பற்களை எடுத்துவிட வேண்டும். கதிர்வீச்சுக்குப் பிறகு பல் எடுத்தால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். வாயைத் திறக்கும் பயிற்சியையும் முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும், இல்லையென்றால் தாடை இறுகி, சோற்றுக் கவளம் நுழையாத அளவுக்கு வாய் சுருங்கிவிடக்கூடும். வெற்றிலையும் புகையிலையும் மென்று வாய்ப்புற்றோடு வருகிறவர்கள் நிறைந்த நம் மாநிலத்தில் இந்தப் பயிற்சியைப் படம் போட்டு ஒவ்வொரு வார்டிலும் ஒட்ட வேண்டும்.

கீமோ நாட்களைப் பற்றிச் சொல்ல எவ்வளவோ இருந்தாலும் காய்ச்சலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன். மருந்து ஏறிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாளுக்குள் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் கீழே இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் கிருமி புகுந்தால் உடம்பிடம் எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசரம். நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். வீட்டில் என்ன நடக்கிறது? ‘பாராசிட்டமால் ஒண்ணு போட்டுத் தூங்கு, காலையில பாக்கலாம்’ என்கிறார்கள். மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. புற்றுநோய் தராத மரணத்தை இப்படி ஒரு இரவுத் தாமதம் தந்துவிடுகிறது. அதனால் கீமோ எடுக்கும் எந்த வீட்டிலும் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும், இரவில் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், எந்த மருத்துவமனை பக்கம் என்பது காலண்டருக்குப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். போகும் இடத்தில் முதல் வாக்கியமே, “இவங்க கீமோ எடுத்துக்கிட்டிருக்காங்க” என்பதாக இருக்க வேண்டும். சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்காரவைத்துவிடக் கூடாது.

கதிர்வீச்சைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்று சொல்வார்கள். ஷாக் அடிக்கும், உடம்பைச் சுடும் என்ற பயம் அதோடு சேர்ந்தே வரும். மேஜையில் சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில் வலி தெரியாது. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு உடம்பில் தங்காது. பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். தட்டு, டம்ளர் தனியாக வைக்க வேண்டியதில்லை, புற்றுநோய் தொட்டால் ஒட்டுவதில்லை. தனித்தட்டு வைக்கிற வழக்கம் நோயாளியின் மனத்தில் செய்கிற காயத்துக்கு மருந்தில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஊரில் உள்ளவர்கள் எல்லோருக்கும் ஒரு கருத்து உண்டு. சர்க்கரையை அறவே நிறுத்து, பால் கூடாது, முள்சீத்தா இலையைக் காய்ச்சிக் குடி என்று செல்போனில் வருகிற ஒவ்வொரு செய்திக்கும் நோயாளியின் தட்டிலிருந்து ஒன்று குறைகிறது. சிகிச்சைக் காலத்தில் தேவை சத்தும் எடையும். முட்டை, பருப்பு, மீன், தயிர், கஞ்சி என்று எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்கலாம். மூலிகைச் சாறுகள் சில கல்லீரலைப் பாதித்து, அடுத்த கீமோவையே தள்ளிப்போட வைக்கின்றன. எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வலி தனியாகப் பேச வேண்டிய பொருள். நோய் முற்றியவர்களில் பலருக்கு வலி வரும். அதைத் தணிக்க விலை மலிவான, நன்கு பழகிய மருந்து இருக்கிறது, அதன் பெயர் மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எளிமையானது. வாய்வழியாகக் கொடு, வலி வரட்டும் என்று காத்திராமல் மணிக்கணக்குப்படி கொடு, வலியின் அளவைப் பார்த்துப் படிப்படியாக ஏற்று. சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இந்தியாவில் 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அடுக்கடுக்கான உரிமங்களைக் கேட்டதால் மருந்துக்கடைகளும் மருத்துவமனைகளும் மார்ஃபினைக் கைவிட்டன. வலி நிவாரண மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடி, 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் திருந்திய பிறகும் வீடுகளில் பயம் திருந்தவில்லை. ‘மார்ஃபின் ஆரம்பிச்சா அவ்வளவுதான்’, ‘பழக்கமாயிடும்’ என்ற இரண்டு பேச்சால் எத்தனையோ பேர் கடைசி மாதங்களைத் துடித்தே கழிக்கிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்காக எடுத்துக்கொள்பவர்களுக்குப் போதை அடிமைத்தனம் வருவது அரிது. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கம் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் குறையாது, அதற்கான மருந்தைச் சேர்த்தே எழுதித்தரச் சொல்ல வேண்டும். வலி விட்ட மனிதர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், பேரனைக் கூப்பிட்டுப் பேசுவார். மருந்தைத் தொடங்கியதால் ஆயுளில் ஒரு நாளும் குறைவதில்லை.

நோயைக் குணப்படுத்த முடியாத கட்டத்திலும் மருத்துவம் கைகழுவுவதில்லை என்பதைக் கேரளம் நமக்கு முன்பே காட்டியது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரணச் சங்கம், பிறகு ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பழக்கி, செவிலியரோடு வீடு வீடாகப் போக வைத்தது. பக்கத்து வீட்டுக்காரரே புண்ணுக்குக் கட்டுப்போடவும் பேசிக்கொண்டிருக்கவும் கற்றுக்கொண்டார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கான வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வீட்டுக்கு வருவார்கள் என்ற செய்தி, வேண்டியவர்கள் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பண உதவிகளும் அப்படித்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை சிகிச்சை கிடைக்கும், புற்றுநோய் சிகிச்சைகளும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகும் பதியலாம். ரயிலில் சிகிச்சைக்கோ மறுபரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் கட்டணம் முழுத் தள்ளுபடி, உடன் வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை தரும் சான்றிதழ் போதும். இவற்றைச் சொல்லித்தர மருத்துவ சமூகப் பணியாளர்கள் பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். முதல் நாளே அவர்கள் அறை எங்கே என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ சென்னைக்கு வந்து ஆறு வாரம் தங்க வேண்டியவருக்கு, சிகிச்சைச் செலவைவிடத் தங்குமிடமும் போக்குவரத்தும் போன கூலியும்தான் முதுகை முறிக்கின்றன.

கூடவே இருந்து கவனிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலும் அவர் மனைவி, மகள், அல்லது மருமகள். இரவு கண்விழித்து, காலையில் சமைத்து, ஆஸ்பத்திரி வரிசையில் நின்று, ‘நீ தைரியமா இருக்கணும்’ என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பவர். அவருக்குக் கோபம் வரும், அந்தக் கோபத்துக்காகக் குற்றவுணர்வும் வரும். உறவினர்கள் ஆறுதல் சொல்ல வருவதைவிட, வாரத்தில் ஒரு நாள் அவருக்குப் பதிலாக மருத்துவமனையில் உட்காரலாம். மனம் தாங்காத நேரத்தில் பேச 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். நோயாளி மட்டும்தான் அழைக்க வேண்டும் என்று இல்லை.

மருத்துவரும் செவிலியரும் எவ்வளவு விளக்கினாலும், அதே வழியில் போய் வந்தவர் சொல்வதற்கு ஈடில்லை. 1952இல் நியூயார்க்கில் டெரீஸ் லாஸர் என்பவர், மார்பகம் நீக்கப்பட்ட பெண்களை அதே அறுவையைக் கடந்த பெண்கள் போய்ப் பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கினார். அவரும் அந்த அறுவைக்கு ஆளானவர்தான். அந்த முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. குடல் புற்றுக்காக வயிற்றில் பை பொருத்தப்பட்டவர் பேருந்தில் எப்படிப் போவது, கல்யாணப் பந்தியில் உட்காரலாமா, வேட்டியை எங்கே கட்டுவது என்று மருத்துவரிடம் கேட்கத் தயங்குவார். குரல்வளை எடுக்கப்பட்டவர் மறுபடி பேச முடியும் என்பதை, அப்படிப் பேசுகிற ஒருவரை நேரில் பார்த்தால்தான் நம்புவார். விக் வாங்குவதா, தலையில் துணி கட்டுவதா, கணவரிடம் தழும்பை எப்போது காட்டுவது என்ற பேச்செல்லாம் பெண்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்வது. இப்படிச் சந்திக்க விரும்புகிறவர்களை ஒருவரோடொருவர் இணைக்கும் ஏற்பாடு உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சமூகப் பணியாளரிடம் உங்கள் பெயரைக் கொடுத்து, சிகிச்சை முடிந்த பிறகு வேறொருவரிடம் பேச நான் வருகிறேன் என்று சொல்லிவையுங்கள்.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். அந்த நாளில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை இவை: அடுத்த பரிசோதனை எப்போது, அதன்பின் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை, எத்தனை ஆண்டுகள்வரை. எந்த அறிகுறி வந்தால் தேதிக்குக் காத்திராமல் வர வேண்டும். அக்குளில் நெறிக்கட்டிகள் எடுத்தவர் என்றால், கை வீங்காமல் இருக்க என்ன பயிற்சி. எப்போது வேலைக்குத் திரும்பலாம், எவ்வளவு எடை தூக்கலாம். இதை நோயாளியே கேட்டு, நோயாளியே எழுதிக்கொண்டு, ஃபைலை அவரே கையில் எடுத்துக்கொள்ளட்டும்.